வரப்புக் காலும் மலை பூட்ஸும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு இன்னும் அரை மணி நடை பாக்கி இருக்கும்போது அண்ணனின் வலது பூட்ஸ் வாயைப் பிளந்தது. முதலில் குதிகால் பக்கம் சோல் லேசாக ஆடியது. நாலு எட்டு வைப்பதற்குள் முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றதெல்லாம் திறந்து திறந்து மூட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் இடது பூட்ஸும் அதே வழிக்கு வந்துவிட்டது. அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “புது பூட்ஸுடா தம்பி. ரெண்டே தடவைதான் போட்டிருக்கேன்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பூட்ஸ் போனதற்கும் அந்த ‘ரெண்டே தடவை’க்கும் சம்பந்தம் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒரே ஆள், ஒரே பாதை, இரண்டு நடை. காலாண்டு விடுமுறையில் முதல் நடை தோற்றது. அரையாண்டு விடுமுறையில் இரண்டாவது நடை பெரும்பாலும் ஜெயித்தது. நடுவே மூன்று மாதம் பூட்ஸ் தேடினோம். அந்த மூன்று மாதத்தில் என்ன பார்த்தோம், எதில் ஏமாந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். டெல்டாவிலிருந்து மலைக்குக் கிளம்புகிற வேறு யாருக்காவது உதவும்.

கால், ஊர், பாதை

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். வயது 47, எடை 81 கிலோ, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஊர். பள்ளி நேரம் போக ஒன்பது மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். மூணு மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. முட்டி வலி கிடையாது, சர்க்கரை கிடையாது. சர்க்கரையைக் குறிப்பிடக் காரணம் உண்டு. அது இருப்பவர்களுக்குக் காலில் வரும் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. அவர்கள் மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டுத்தான் மலை நடையைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை. அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். டெல்டாவில் பெயரளவிலாவது மலை உள்ள ஊர் சுவாமிமலை. அதற்கு 60 படி, அறுபது தமிழ் வருஷத்துக்கும் வருஷத்துக்கு ஒரு படி. அதையும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவோம். பழனியும் வெள்ளியங்கிரியும்கூட நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு வெறுங்காலில் ஏறுகிற மலைகள். மலைக்கென்று ஒரு காலணி வேண்டும் என்ற நினைப்பே வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

பாதை இதுதான்: கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, வெள்ளகவி ஊருக்குள் போய், அங்கிருந்து பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவிக்கு இறங்க வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கும்பக்கரை அடிவாரத்தில் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தைக் காலாலேயே இறக்க வேண்டும். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் விரலை வாங்கும். நாங்கள் போகும்போது பின்பாதி தெரியாது. (காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் அவசியம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியிருக்கிறது. தோன்றிய இடத்தில் புகுந்து நடக்க வேண்டாம்.)

முதல் நடை

பூட்ஸ் 2018 கோடையில் வாங்கியது. தண்ணீர் புகாது என்று லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கிலேயே அச்சடித்திருந்தது. கடைக்காரர் கொடுத்த பெட்டியிலேயே பிளாஸ்டிக் பையோடு பரணில் ஏறியது. அந்த வருஷம் நவம்பரில் கஜா புயல் வந்து ஓடுகளைத் தூக்கிப் போட்டது. பரண் நனைந்தது. பெட்டியை வெயிலில் காயவைத்து மறுபடியும் மேலே வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து இறக்கியபோது பளபளவென்று இருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வட்டக்கானலில் கிளம்பும்போது புல் முழுக்கப் பனி. முதல் ஒரு மணி நேரம் சோலைக்காட்டுக்குள் வேரும் சேறுமாகப் பாதை. பூட்ஸ் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் கட்டைவிரல் முன்சுவரில் போய் முட்டுவதாக அண்ணன் சொன்னார். லேஸை இன்னும் இறுக்கச் சொன்னேன். அது நான் கொடுத்த தப்பான யோசனை. இறுக்கியது விரல் பக்கம்தான். கால் முன்னால் வழுக்குவது நிற்கவில்லை, மேல்பாதம் மரத்துப்போனதுதான் மிச்சம்.

சோல் பிரிந்தபோது மூட்டை ஏற்றிய குதிரையோடு ஒருவர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளகவிக்கு அரிசி பருப்பெல்லாம் நெடுங்காலமாகக் குதிரை முதுகில்தான் போகிறது. அவர் நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூட்டை கட்டும் கயிற்றில் இரண்டு முழம் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பூட்ஸைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஊர் எல்லை வரை வந்தோம்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி என்பது அவர்கள் வழக்கம், வருகிறவர்களும் கழற்ற வேண்டும். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாகச் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சாக்ஸை உருவியதும் விஷயம் தெரிந்தது. இரண்டு குதிகாலிலும் ஐந்து ரூபாய்க் காசு அளவு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைப் பருத்திச் சாக்ஸ், பிழிந்தால் சொட்டுகிற ஈரம். வெளியிலிருந்து தண்ணீர் புகுந்ததாகத் தெரியவில்லை. அத்தனையும் அவர் கால் வியர்வை.

மிச்ச இறக்கத்தை வெறுங்காலில் நடக்கிறேன் என்றார். “முப்பது வருஷம் சேத்துல நடந்த கால்டா இது.” இரண்டு வளைவு தாங்கியது. சேற்றுக்குப் பழகிய கால் வேறு, கூரான சரளைக்குப் பழகிய கால் வேறு. வண்டலில் நடக்கிறவன் பாதத்தை விரித்து அழுத்துவான், கல்லில் அது வேலைக்கு ஆகாது. வழிகாட்டி பையிலிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தார். அதோடு இறங்கிச் சேர்ந்தோம். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, தீபாவளிக்கு மறுவாரம் வலது நகம் விழுந்தது.

செருப்பு தைப்பவர் சொன்னது

பூட்ஸைத் தூக்கிப் போட அண்ணனுக்கு மனசில்லை. மன்னார்குடியில் மரத்தடியில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். பசை போட்டு ஒட்டி, சுற்றி ஒரு தையல் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

அவர் சோலை முழுசாகப் பிய்த்தார். அடியில் இருக்கும் ரப்பருக்கும் மேலே இருக்கும் பூட்ஸுக்கும் நடுவே விரல் தடிமனில் மஞ்சளாக ஒரு நுரை. அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். ஈரம் பட்ட ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளங்கையில் வாங்கி இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினார், ரவை ரவையாகப் போனது. “பசை போன கேசு இல்ல சார் இது. எதுல ஒட்டச் சொல்றீங்க? ஒட்ட வேண்டிய இடமே மாவா இருக்கு.”

இப்படி உதிர்வதற்கு என்ன பெயர் என்று அண்ணன் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் சொன்னார்: நீராற்பகுப்பு. நடுச்சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. மெத்தென்று இருக்கும், நாள்பட அமுங்காது, கனமான ஆளைத் தாங்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் இது நிற்காது, பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு அடைத்து வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். வருஷத்தில் பாதி நாள் உப்பு ஜாடியே கசிகிற ஊரில், ஓட்டு வீட்டுப் பரணில், புயல் ஈரம் வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் ஆறு வருஷம். வேறென்ன ஆகும்?

அடிக்கடி போட்டிருந்தால் கட்டை விரலாலேயே இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டிருப்போம். நடுச்சோலைப் பக்கவாட்டில் அழுத்தும்போது சுருக்கம் நுணுக்கமான விரிசலாக நின்றால், அல்லது விட்ட பிறகும் குழி நிமிராமல் இருந்தால், அந்தப் பூட்ஸோடு மலைக்குப் போகக் கூடாது. கடையில் ‘பழைய ஸ்டாக், பாதி விலை’ என்று கொடுக்கும் பூட்ஸுக்கும் இதே கதைதான். பல பூட்ஸ்களின் நாக்கின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற மாதிரி அதைப் பார்க்க வேண்டும். ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரை இப்படி உதிராது, லேசாகவும் இருக்கும், ஆனால் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கித் தட்டையாகும். வருஷத்துக்கு இரண்டு நடை போகிறவருக்கு என் ஓட்டு ஈ.வி.ஏ.வுக்குத்தான்.

காகிதத்தில் ஒரு கால்

அண்ணன் கடைக்குப் போனால் எப்போதும் “எட்டு” என்பார். முப்பது வருஷமாக எட்டு. அது செருப்பின் அளவு, காலின் அளவு இல்லை. செருப்பில் விரல் வெளியே வழிந்தாலும் தெரியாது.

ஒரு நாள் ராத்திரி ஏழு மணிக்கு, நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வந்த காலை அளந்தோம். காலையில் அளக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிடும், மலையில் இன்னும் வீங்கும். தரையில் பழைய நாள்காட்டித் தாளைப் போட்டு, சாக்ஸோடு முழு எடையையும் ஊன்றி நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்தேன். இடது 263 மில்லிமீட்டர். வலது 268. இரண்டு காலும் ஒன்றாக இல்லை என்பதில் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் எடுக்க வேண்டும். சின்னதை சாக்ஸால் சரிசெய்யலாம், பெரியதைச் சுருக்க முடியாது. இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட 4 மில்லிமீட்டர் நீளம், நகம் முட்டுவதை அங்கிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அகலம்தான் ஆச்சரியம்: விரல் மூட்டுப் பக்கம் 109 மில்லிமீட்டர். வரைந்த படம் கிட்டத்தட்ட விசிறி மாதிரி இருந்தது, குதிகால் ஒடுங்கி, விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. சின்ன வயசிலிருந்து வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்த கால் இப்படித்தான் இருக்கும். 2009ல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு, தென்னிந்தியாவில் வெறுங்காலிலேயே வாழ்ந்தவர்களின் பாதங்களைச் செருப்புப் போட்டு வளர்ந்தவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டது. வெறுங்கால்காரர்களின் பாதம் அகலமாக இருந்தது, உடல் எடையும் பாதம் முழுக்கப் பரவலாக இறங்கியது. மேற்கத்திய நிறுவனங்களின் பூட்ஸ் அச்சுகள் பெரும்பாலும் முனை ஒடுங்கியவை. அந்த விசிறியை அதற்குள் திணித்தால் சுண்டுவிரலும் கட்டைவிரலும்தான் பழி சுமக்கும்.

அகலத்துக்காக நீளத்தைக் கூட்டி வாங்குவது நம் பக்கத்து வழக்கம். அதிலும் ஒரு அளவு உண்டு. இந்தியக் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் எண்ணில் ஒரு நம்பர் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஐரோப்பிய எண்ணில் ஒன்று கூடினால் சுமார் ஆறே முக்கால். ஒரு நம்பர் ஏற்றினால் இறக்கத்தில் விரலுக்கு இடம் கிடைக்கும். இரண்டு நம்பர் ஏற்றினால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் நிச்சயம்.

தண்ணீர் விஷயம்

இங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அவருக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ்தான் வேண்டும். எனக்குச் சந்தேகம்.

தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் ஒரு சவ்வு சாக்ஸ் மாதிரி தைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்த வகைச் சவ்வில் பேர்பெற்றது கோர்-டெக்ஸ். 1969ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கை, அதாவது நம் ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே சரக்கை, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த தாளானது. தண்ணீர்ச் சொட்டு அந்தத் துளையில் நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும். சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் இருந்தால்தான் போகும். ஐப்பசியில் கொடியில் போட்ட வேட்டி மூணு நாளானாலும் காயாதே, அதே கதைதான். வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது சவ்வு என்ன செய்யும்? கால் உள்ளேயே வேகும். வேகிற கால் ஊறும், ஊறிய தோல் உராயும், உராய்ந்த இடம் கொப்புளிக்கும். முதல் நடையில் அதைத்தான் பார்த்தோம்.

இன்னொன்று, வெளித்துணி. புது பூட்ஸில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். அது மேலே அடித்திருக்கும் ஒரு பூச்சின் வேலை. சேறும் உராய்வும் பட்டு அந்தப் பூச்சு போனதும் துணி நனைந்து கனக்கும், சவ்வுக்கு மேல் ஈரப்போர்வை விழும். தண்ணீர் உள்ளே வராவிட்டாலும் ஆவி போகிற வழி அடைபடும். அப்புறம் உள்ளே ஈரத்தை உணர்ந்து “சவ்வு கிழிஞ்சிடுச்சு” என்று நினைப்போம். பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே கிடைக்கிறது.

கோடை முடிந்து கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ போவதாக இருந்தால் சவ்வே இல்லாத, வலைத்துணி வைத்த, சீக்கிரம் காய்கிற ஷூ போதும் என்றுதான் இன்றும் சொல்வேன். நனையும், நடக்க நடக்கக் காயும். அண்ணனுக்கு நான் விட்டுக்கொடுத்தது வேறு காரணத்துக்காக: போகப்போவது டிசம்பரில். கொடைக்கானல் ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். விடியற்காலைப் புல் முழுக்கப் பனி ஈரம். குளிரில் நனைந்த கால் விறைக்கும், அங்கே சவ்வுக்கு வேலை உண்டு, வெளிக்காற்று குளிர்ந்து இருப்பதால் ஆவியும் கொஞ்சம் நகரும். சரி, சவ்வு பூட்ஸே ஆகட்டும்.

கடையில்

எங்கள் பக்கத்துக் கடைகளில் பள்ளி ஷூவும் கட்டட வேலை பூட்ஸும் கிடைக்கும், மலைக்கானது கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சி போனோம். பையில் கால் வரைந்த தாள், கம்பளி கலந்த இரண்டு ஜோடி சாக்ஸ். சாக்ஸ் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன்: பருத்தி கூடாது. கம்பளி என்றதும் அண்ணன் “தஞ்சாவூர் வெயில்ல கம்பளியா?” என்று சிரித்தார். கம்பளி ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலில் ஒட்டாது, பருத்தி ஒட்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஐந்து ஜோடி பார்த்தோம். முதலில் எடுத்தது தோல் பூட்ஸ், பழுப்பு நிறம், பார்க்க ராஜா மாதிரி. ஜோடி ஒன்றே முக்கால் கிலோ. காலில் ஒரு கிலோ தூக்குவது முதுகில் ஐந்து கிலோ தூக்குவதற்குச் சமம் என்று மலை நடைக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு வாத்தியாருக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது, கீழே வைத்துவிட்டார். நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும் என்பது என் காரணம்.

ஒவ்வொரு பூட்ஸிலும் நாங்கள் முதலில் செய்தது உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நிற்பது. காலைப் போட்டுப் பார்ப்பதைவிட இது உண்மை பேசும். இரண்டாவது ஜோடியின் இன்சோலில் சுண்டுவிரல் முழுசாக வெளியே தொங்கியது. விற்பனைப் பையன் “போடப் போட லூஸாயிடும் சார்” என்றார். தோல் கொஞ்சம் விடும். சவ்வு வைத்த துணி பூட்ஸ் அவ்வளவாக விடாது, முன்னால் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை விடவே விடாது. மூன்றாவது, நான்காவது ஜோடிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குதிகால் ஆடியது.

ஐந்தாவது ஜோடி அகல அச்சு, நம்பர் ஒன்பது, ஜோடி 1,100 கிராம், கணுக்காலை மூடும் நடு உயரம். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைந்தது. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். நாக்கின் இருபக்கமும் மேல்வரை மடிப்புத் துணியால் தைத்திருந்தது. பூட்ஸ் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தத் தையல் நிற்கிற உயரம் வரைதான் தண்ணீருக்குத் தடை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பூட்ஸை இரண்டு கையாலும் துணி பிழிகிற மாதிரி முறுக்கினேன், கொஞ்சம்தான் கொடுத்தது. வளைவு விரல் மூட்டில் விழுந்தது, நடுப்பாதத்தில் விழவில்லை. நல்லது.

உயரமான பூட்ஸ் கணுக்கால் சுளுக்கைத் தடுக்கும் என்று பையன் உறுதியாகச் சொன்னார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, கல்லும் முள்ளும் கணுக்காலில் படாது என்பது வரைக்கும் ஒத்துக்கொள்வேன்.

கடைக்குள் படிக்கட்டு இருந்தது. லேஸை முழுசாகக் கட்டிக்கொண்டு பத்து தடவை இறங்கினார், வேண்டுமென்றே தடதடவென்று. விரல் முட்டவில்லை. வலது சுண்டுவிரலில் மட்டும் லேசாக ஒரு தொடுகை இருப்பதாகச் சொன்னார். ராத்திரி ஆகிவிட்டது, மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “அது சரியாயிடும்” என்று நானே சொல்லிவிட்டேன். விற்பனைப் பையன் ‘லூஸாயிடும்’ என்றபோது நான் நம்பாத அதே சமாதானம்.

ஐப்பசி, கார்த்திகை

மலை இல்லாத ஊரில் பூட்ஸைப் பழக்குவது எப்படி? பள்ளிக்கூடத்தின் மூன்று மாடிப் படிக்கட்டுதான் எங்கள் மலை. பையில் எட்டுக் கிலோ பொன்னி அரிசி, வாரத்தில் நாலு நாள் பள்ளி விட்ட பிறகு நாற்பது நிமிஷம் ஏறி இறங்கினார். கூட்டுகிற அம்மா முதல் வாரம் கேட்டே விட்டார்: “வாத்தியாருக்கு என்னாச்சு?”

தண்ணீர்ச் சோதனை ஆற்றுப் படித்துறையில். உள்ளே சுருட்டிய நாளிதழை வைத்துக் கட்டி, கயிற்றில் பூட்ஸை மட்டும் கணுக்கால் அளவு தண்ணீரில் கால் மணி நேரம் இறக்கினோம். எடுத்துப் பார்த்தால் காகிதம் காய்ந்திருந்தது. அடுத்து காலில் போட்டுக்கொண்டு பாசிப் படியில் நிற்கச் சொன்னேன். சோலில் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல் இருக்கிறது, அதெல்லாம் சேற்றிலும் மண்ணிலும் கடிக்கத்தான். வழவழப்பான ஈரக் கல்லில் பல்லுக்கு வேலை இல்லை, ரப்பரின் மென்மைதான் பிடிக்கும். பாசியில் அதுவும் பிடிக்காது. அண்ணன் வழுக்கி இரண்டு படி கீழே உட்கார்ந்தார். மலை ஓடையில் பாசிக் கல்லை மிதிக்கக் கூடாது என்பதை எங்கள் ஊர்ப் படித்துறையே கற்றுக் கொடுத்துவிட்டது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய மழை டெல்டாவைப் பிடித்துக்கொண்டது. சம்பா வயலில் தண்ணீர் நின்றது. வடிகால் பார்க்க அண்ணன் பூட்ஸோடு வரப்பில் கிளம்பினார். ஐம்பது எட்டில் ஒவ்வொரு பூட்ஸிலும் ஒரு கிலோ களிமண். எங்கள் மண்ணுக்கு வெறுங்கால்தான் என்பது அன்றைக்கு உறுதியானது. அது பரவாயில்லை. திரும்பி வந்து கழுவி, சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மறுநாள் நான் போனபோது இடது முனையில் ரப்பர் பட்டை நகம் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருந்தது. பசைக்குச் சூடு ஆகாது, அடுப்பும் ஆகாது, சித்திரை வெயிலும் ஆகாது. இன்சோலை உருவித் தனியாக வைத்து, உள்ளே நாளிதழைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றி, மின்விசிறிக்கு அடியில் நிழலில் காயவைக்க வேண்டும். தூக்கிய இடத்தை அதே மரத்தடிப் பெரியவர் ஒட்டிக் கொடுத்தார், பத்து ரூபாய். இந்தத் தடவை அவர் சோலை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது உயிரோட இருக்கு” என்றார்.

இரண்டாவது நடை

டிசம்பர் கடைசி வாரம். காலையில் புல்லில் நடந்து சோலைக்காட்டுக்குள் நுழைந்தபோது பேண்ட் முட்டி வரை நனைந்திருந்தது, கால் காய்ந்திருந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஜெயித்த பார்வை.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. அரை மணி கழித்து, “தண்ணி வந்துடுச்சுடா.” பூட்ஸில் ஓட்டை இல்லை. பேண்டின் கீழ்ப்பகுதியை அவர் பூட்ஸுக்குள் செருகியிருந்தார், அட்டை ஏறாமல் இருக்க. மழைத்தண்ணீர் துணி வழியே இறங்கி, வாய்க்காலில் மடை திறந்த மாதிரி நேராகப் பூட்ஸுக்குள் போயிருக்கிறது. தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் மேலே இருந்து வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியும் கிடையாது. உட்கார்ந்து கவிழ்த்துக் கொட்டி, சாக்ஸைப் பிழிந்து மாற்று ஜோடியைப் போட்டு, மழைப் பேண்டைப் பூட்ஸுக்கு வெளியே இழுத்துவிட்டார். அட்டைக்கு வழிகாட்டி கொடுத்த முட்டி வரை வரும் நெருக்கமான நெசவுத் துணி உறையை உள்ளே போட்டுக்கொண்டார். வயல் அட்டையைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அட்டைக்கு அவர் பயப்படவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளகவி எல்லையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டார். குதிகால் சுத்தமாக இருந்தது. ஊரைத் தாண்டி மறுபடி போடும்போது இறக்கத்துக்கென்று லேஸைப் புதுசாகக் கட்டினோம்: குதிகாலைத் தரையில் ஓங்கி ஊன்றிப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, விரல் பக்கம் தளர்வாக விட்டு, மேல்பாதம் மடங்கும் இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி இறுக்கி, அதற்கு மேல் கொக்கிகளில் இன்னும் இறுக்கமாக. கால் பின்னால் பூட்டிக்கொண்டது. கும்பக்கரை வந்து சேர்ந்தபோது அண்ணன் முதலில் பார்த்தது நகத்தைத்தான். இடது கட்டைவிரலில் முழு நகம், வலதில் முளைத்துக்கொண்டிருந்த நகம், இரண்டிலும் புதிதாகக் கறுப்பு ஏறவில்லை.

வலது சுண்டுவிரல் மட்டும் சிவந்து, பக்கவாட்டில் தோல் உரிந்திருந்தது. கடையில் பத்தாவது தடவை படி இறங்கும்போது அவர் சொன்ன அதே இடம்.

இப்போது பூட்ஸ் பரணில் இல்லை, திண்ணைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, காற்றுப்பட. மாதத்தில் ஒரு ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு நீடாமங்கலம் வரை ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருகிறார். வந்ததும் நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். நாக்கு லேபிளில் இருந்த தயாரிப்பு மாதத்தைச் சமையலறை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார், அண்ணி மளிகைக் கணக்கு எழுதுகிற பக்கத்தில். சுண்டுவிரல் படுகிற இடத்தை மரத்தடிப் பெரியவர் ஒரு மரக் கட்டையை உள்ளே கொடுத்து அகட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சவ்வு கிழியுமா கிழியாதா என்று நாங்கள் மூவரும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.